அரைக் குதிரைப் பாவம்

மல்காஜ்கிரியில் சிவப்பு விளக்குக்கு நிற்கிற ஒரே ஸ்கூட்டர்காரர் என்ற பெயர் குமரவேலுக்கு உண்டு. பின்னால் வருகிறவர்கள் ஏசுவார்கள். ஒருமுறை ஆட்டோக்காரர் ஒருவர் இறங்கி வந்து, வண்டி கெட்டுப்போய்விட்டதா, தள்ளிவிடட்டுமா என்று பரிவோடு கேட்டதும் உண்டு. கோபிச்செட்டிப்பாளையத்தில் பிறந்து கோயம்புத்தூரில் படித்து, தெலுங்கு நாட்டுக்கு வந்து ஹைடெக் சிட்டியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் சேர்ந்திருந்த அவருடைய உத்தியோகம், மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் தப்புக் கண்டுபிடிப்பது. ஊரார் குற்றத்தைப் பார்ப்பதற்கு ஒருவருக்கு மாதாமாதம் சம்பளமும் கொடுத்து, வாசலுக்குப் பஸ்ஸும் அனுப்பினால், அவர் தம்மைக் குற்றமற்றவர் என்று நினைத்துக்கொள்வதில் பிழை சொல்ல முடியாது.

வசந்த விகார் என்ற நாலு மாடிக் கட்டடத்தில், நாலாவது மாடியில் சொந்த வீடு. 2004-ல் குடிவந்த மறு வருஷமே கட்டடச் சங்கத்தின் செயலாளராகிவிட்டார். இது அவருடைய தகுதிக்குக் கிடைத்த பதவி என்று நினைத்துவிடக் கூடாது. அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம்: ஆண்டுக் கூட்டத்துக்கு யார் வரவில்லையோ அவரே செயலாளர். அந்த ஞாயிற்றுக்கிழமை குமரவேல் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். திரும்பி வந்தால் பதவி கதவடியில் காத்திருந்தது. மற்றவர்கள் தண்டனையாக ஏற்றதை இவர் தவமாக ஏற்றார்.

அவருடைய ஆட்சியின் பெரிய வெற்றி வேணுகோபால் விவகாரம். தரைத்தளத்தில் இருந்த வேணுகோபால், முனிசிபல் தண்ணீர் வருகிற குழாயிலேயே நேராக மோட்டார் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார். அந்த ஊரில் பாதிப் பேர் செய்கிற காரியம்தான். குமரவேல் கண்டுபிடித்தார், கூட்டம் கூட்டினார், எல்லோர் முன்னிலையிலும் மோட்டாரைக் கழற்றவைத்தார். "பொதுக் குழாயில் மோட்டார் வைப்பவன், பக்கத்து வீட்டுக்காரன் தொண்டையில் கை வைப்பவன்" என்று ஒரு வாக்கியம் எழுதி, மூன்று மொழிகளில் அடித்து, படிக்கட்டில் ஒட்டினார். வேணுகோபால் தலை குனிந்தபடியே நடமாடிப் பார்த்தார். பிறகு வீட்டைக் காலி செய்துகொண்டு போவன்பள்ளிப் பக்கம் போய்விட்டார்.

இப்படிப்பட்ட ஒரு மனிதரைத்தான் ஒரு மின்சார ஷவர் கெடுத்தது.

தீபாவளி போனஸில் வாங்கியது. வெள்ளைப் பெட்டியைக் குளியலறைச் சுவரில் மாட்டி, குழாயைத் திறந்தால், தண்ணீர் உள்ளே போகிற போக்கிலேயே சூடாகி மேலிருந்து பொழிய வேண்டும். ஆனால் பெட்டிக்கு ஒரு நிபந்தனை: தண்ணீர் வேகமாக வர வேண்டும். வேகம் போதாவிட்டால் சிவப்பு விளக்கு ஒரு தரம் கண் சிமிட்டிவிட்டு அணைந்துவிடும். முதல் சில வாரம் ஓடியது; பிறகு தண்ணீர் மெலிந்துவிட்டது, உயரம் போதாததுதான் காரணம் என்று குமரவேல் தீர்மானித்தார். நாலாம் மாடிக்கும் மொட்டை மாடித் தொட்டிக்கும் இடையே ஓர் ஆள் உயரம்கூட இல்லை. அங்கே தண்ணீர் பொழிந்தது என்பதைவிட, வந்து நலம் விசாரித்துவிட்டுப் போனது என்று சொல்லலாம்.

"இதுக்கு நான் நின்னு அழுதாலே எச்சாத் தண்ணி வருமுங்க," என்றாள் பானு. அவர் மனைவி. அவளும் கோபிதான்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் ராணிகஞ்சுக்குப் போனார். பம்பு விற்கிற கடைக்காரர் நோயைக் கேட்டதுமே மருந்தைச் சொல்லிவிட்டார். "ப்ரெஷர் லேது சார். சின்னதா ஒண்ணு வச்சுடுங்க. அரை ஹெச்.பி. குழாயைத் திறந்தா தானா ஓடும், மூடினா தானா நிக்கும். யாருக்கும் தெரியாது." கடைசி வாக்கியத்தை அவர் தனியாக அழுத்திச் சொன்னார். குமரவேல் அதைக் காதில் வாங்காதவர்போல விலையைப் பேசினார்.

வழியெல்லாம் மனசாட்சியோடு வழக்காடிக்கொண்டு வந்தார். தாம் ஒட்டிய வாக்கியம் முனிசிபல் குழாயைப் பற்றியது. இது மொட்டை மாடித் தொட்டியிலிருந்து இறங்குகிற குழாய். அது வேறு, இது வேறு. தவிர, இது மோட்டார் அல்ல, பம்பு. மனசாட்சி அப்போதைக்குத் தோற்றது. பம்பு ஒரு மிக்ஸி வந்த அட்டைப்பெட்டிக்குள் ஒளிந்து மாடியேறி, குளியலறைப் பரணில், பழைய சூட்கேஸுக்குப் பின்னால் குடியேறியது. ஊருக்குப் புதிதான ஒரு பிளம்பரை அதற்காகவே தேடிப் பிடித்திருந்தார்.

மறுநாள் காலை ஷவரைத் திறந்தார். ஐயா, அதுவல்லவோ தண்ணீர்! முதுகில் யாரோ இரண்டு பேர் நின்று உரிமையோடு குத்துகிற மாதிரி விழுந்தது. சிவப்பு விளக்கு அணையாமல் நின்று எரிந்தது. குமரவேல் பாடினார். கல்யாணமாகி எத்தனையோ வருஷத்தில் அவர் பாடியதைக் கேட்டிராத பானு, பல்லி கில்லி விழுந்துவிட்டதோ என்று கதவைத் தட்டினாள்.

அந்தச் சந்தோஷம் பொங்கல் வரை நீடித்தது.

மூன்றாம் மாடியில், சரியாக அவர் வீட்டுக்குக் கீழே, தேவராஜ் இருந்தார். தாத்தா காலத்திலேயே ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கு வந்து வேரூன்றிவிட்ட தமிழ்க் குடும்பம். அவரும் அங்கேதான் வேலை. பொங்கல் முடிந்த ஒரு காலை, கம்பெனி பஸ்ஸுக்கு இறங்கிக்கொண்டிருந்த குமரவேலைப் படிக்கட்டில் மறித்தார். இடுப்பில் துண்டு. காதுக்குப் பின்னால் சோப்பு.

"செகரட்ரி சார், கைக்கு சார்... ஏன் சார் இப்டி ஆவுது? தலைல சோப்பு போட்டா தண்ணி நின்னு போவுது. டெய்லி! குழாய் புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்து விடுது."

"எப்ப... எந்நேரத்துக்குங்க?"

"இப்பதான் சார், காலைல, டூட்டி போற டயம். ஸ்டெல்லா ஃபிரிட்ஜ்லேர்ந்து பாட்டில் எடுத்து என் தலைல ஊத்தறா. ஃபிரிட்ஜ் தண்ணி! இந்தக் குளிர்ல! ஞானஸ்நானம்கூட இவ்ளோ ஜில்லுனு இல்ல சார்."

குமரவேல் தொழில் தெரிந்தவர். கேட்டுக்கொண்டிருக்கும்போதே மூல காரணம் விளங்கிவிட்டது. இரண்டு வீட்டுக் குளியலறைக்கும் ஒரே இறக்கக் குழாய். மேலே ஒன்று உறிஞ்சினால் கீழே காற்றுதான். இதில் ஒரு வேடிக்கை: ஆபீஸில் அவர் தப்பைச் சுட்டிக்காட்டும்போதெல்லாம் புரோகிராம் எழுதினவர்கள் "என் மெஷின்ல சரியாத்தானே ஓடுது" என்பார்கள். அதைக் கேட்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். இப்போது தம் வாயிலிருந்து வந்ததைத் தாமே கேட்டார்:

"எங்க ஊட்ல நல்லாத்தான் வருதுங்களே."

"ஹவ், ஆமா! அதான் டவுட்டு," என்றார் தேவராஜ். "உங்களுக்கு வருது, எனக்கு வரல. அப்ப தொட்டில தண்ணி இருக்குது. நடுவுல யாரோ கை வைக்கறாங்க. எங்க மாடி வால்வு சாவி யாருகிட்ட? யாதகிரிகிட்ட. போன மாசம் பைக் நிறுத்தற சண்டைல நான் நாலு வார்த்தை சொன்னேன் பாருங்க, அதுக்குப் பழி வாங்கறான். வால்வை மூடிட்டுக் கீழ போயி ஒண்ணும் தெரியாத மாதிரி பீடி குடிக்கறான்."

படிக்கட்டின் ஒவ்வொரு வளைவிலும், குழாய்கள் இறங்குகிற சந்துக்கு ஒரு சின்னத் தகரக் கதவு உண்டு. உள்ளே அந்த மாடிக்கான வால்வு. பூட்டின் சாவி வாட்ச்மேன் யாதகிரியிடம். நல்கொண்டாப் பக்கத்திலிருந்து வந்தவர். வண்டி நிறுத்துமிடத்தின் மூலையில் ஒரே அறையில் மனைவி சந்திரம்மாவோடும் பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்களோடும் இருந்தார்.

இந்த இடத்தில் குமரவேல் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். அவரும் வாயைத் திறந்தார். "விசாரிக்கிறேனுங்க" என்று வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நடந்தது. யாதகிரி, தோளில் துண்டோடு, தூணோரம் நின்றார். தமிழ்க் குடும்பங்களோடு பழகி அவருக்குக் கொஞ்சம் தமிழ் வரும். "நேனு காது சார். நான் இல்ல, தொடல," என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். தொடாமல் தண்ணீர் எப்படி நிற்கும் என்று கேட்டால் அவரிடம் பதில் இல்லை. பதில் வைத்திருந்தவர் அவருக்கு எதிரே நாற்காலியில், செயலாளராக அமர்ந்திருந்தார்.

"இந்த ஆளு நக்கோ, வேணாம் சார். மாசக் கடைசில கணக்கு முடிச்சு அனுப்பிடலாம்," என்றார் தேவராஜ். தலைகள் ஆடின. குமரவேல் எழுந்தார். எதையோ சொல்லத்தான் எழுந்தார். "அவசரப்பட வேண்டாங்க. அவருக்கு ஒரு சந்தர்ப்பம் குடுப்போம். தினமும் காலைல அவரே அந்தக் கதவுகிட்ட உக்காந்து வால்வைக் காவல் காக்கட்டும்," என்றார். என்ன கருணை என்று எல்லோரும் பாராட்டினார்கள். யாதகிரி கும்பிட்டார். அந்தக் கும்பிடு குமரவேலின் சட்டைப்பையில் நெருப்புத் துண்டு மாதிரி விழுந்தது. அன்றிரவு சாப்பாட்டில் உப்பு இருந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை.

மறுநாளிலிருந்து ஷவரைத் தொடவில்லை. பானு வெந்நீர் போட்டுக் கொடுக்க, வாளியில் மொண்டு குளித்தார். பிராயச்சித்தம் என்று பெயர். யாதகிரிக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்தார். சாயந்தரம் வரும்போது பேக்கரியில் உஸ்மானியா பிஸ்கட் வாங்கி வந்து அவர் பெண்களிடம் நீட்டினார். பாவத்தைச் சில்லறையாக அடைத்துவிடலாம் என்பது அவர் கணக்கு.

கீழே தேவராஜ் வீட்டில் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஒரு வாரம் போனது. தேவராஜ் வெற்றி வீரராக மேலே ஏறி வந்தார்.

"பாத்தீங்களா சார்! சாவிக்காரனையே காவலுக்குப் போட்டோம், தண்ணி தானா வருது. அப்ப இத்தனை நாளு நிறுத்தினது யாரு? சூப்பர் ஐடியா சார் உங்களுது. போலீஸ்ல இருக்க வேண்டியவரு நீங்க!"

குமரவேல் ஷவரில் குளித்தபோது யாதகிரி மேல் சந்தேகம்தான் இருந்தது. குளிக்காமல் இருந்து அதை நிரூபித்துக் கொடுத்துவிட்டார். மாசக் கடைசியோடு அனுப்பிவிடுவது என்று முடிவாகிவிட்டது. கீழே சந்திரம்மா பெண்களின் பள்ளிக்கூடத்தில் போய் டி.சி. வாங்குவது பற்றிக் கேட்டுவிட்டு வந்தாள் என்று பானு சொன்னாள்.

"குளிச்சாலும் அந்த மனுசனுக்குக் கேடு, குளிக்காட்டியும் கேடு," என்றாள். "வாயைத் தொறந்து சொல்லிப்போடுங்களேன்."

"எப்படி பானு? படிக்கட்டுல இன்னும் அந்த நோட்டீஸ் இருக்குதே. வேணுகோபாலை நான் எத்தனை பேசியிருக்கிறேன்."

"அவரு சம்சாரம் காலி பண்ணிட்டுப் போறப்ப நம்மூட்டு வாசல்ல நின்னு அழுதாங்க. நீங்க உள்ள டிவி பாத்துட்டு இருந்தீங்க. நான் இன்னிக்கு வரைக்கும் சொன்னதில்லீங்க."

குமரவேல் எழுந்து டிவியை அணைத்தார். ஆனால் அவர் மூளை பேசிக்கொண்டே இருந்தது. படித்த மூளையின் சாபம் அது. ஒரே வழிதான் இருக்கிறபோது இரண்டாவது வழியைத் தேடும். கண்டும் பிடித்துவிட்டது: தேவராஜே வால்வுக்கு எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது தண்ணீர் நின்றுவிட்டால்? யாதகிரி விடுதலை. காரணம் கேட்டால், குழாய்க்குள் காற்று அடைத்துக்கொண்டது என்று சொல்லிவிடலாம். காற்றை யாரும் வேலையை விட்டு அனுப்ப முடியாது. அப்புறம் பம்பைச் சத்தமில்லாமல் கழற்றி ராணிகஞ்சிலேயே தலையைச் சுற்றி எறிந்துவிடலாம்.

தேவராஜிடம் போய், "அனுப்பறதுக்கு முன்னால கடைசியா ஒரு சோதனை பண்ணிரலாங்க. அந்தத் தகரக் கதவைத் தொறந்து வச்சுட்டு நீங்களே அவரு பக்கத்துல நில்லுங்க. உள்ள உங்க ஊட்டுக்காரம்மா குழாயைத் தொறந்து வச்சுப் பாக்கட்டும்," என்றார்.

"கைக்கு சார் இன்னொரு டெஸ்டு? சரி, நீங்க சொல்றீங்க. பண்ணிடலாம்."

மறுநாள் காலை குமரவேல் வேட்டியோடு குளியலறைக்குள் போய்த் தாழிட்டார். ஷவருக்கு அடியில் நின்று, குழாயில் கை வைத்தார். அப்போதுதான் கேட்டது.

"இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லுப்பா. வால்வு பக்கம் கை போவக் கூடாது." தேவராஜின் குரல். தலைக்கு மேலிருந்த சின்ன ஜன்னல் வழியாக, பக்கத்தில் நின்று பேசுவதுபோல. அந்த ஜன்னலும் குழாய்ச் சந்தில்தான் திறக்கிறது. வழக்கமாகச் சாத்திக் கிடக்கும் தகரக் கதவு இன்று திறந்திருக்கிறது. அவர்கள் மூச்சு விடுவது இங்கே கேட்கிறது என்றால், இங்கே பம்பு உறுமுவது அங்கே கேட்காதா?

எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கிறவர் இதைச் சோதிக்க மறந்திருந்தார். கையை எடுத்தார். எடுத்தால் தப்பித்துவிடலாம். தண்ணீர் நிற்காது, தேவராஜ் சிரிப்பார், மாசக் கடைசி வரும். அதற்கு மேல் யாரும் எதையும் கேட்கப்போவதில்லை.

"பிள்ளைங்க மேல ஒட்டு, சத்தியம் சார்," என்று யாதகிரியின் குரல் வந்தது. தொண்டை கட்டியிருந்தது. இத்தனை நாள் குளிரில் படிக்கட்டில் உட்கார்ந்ததன் பலன். "நான் திருடன் காது. சாவி இந்தாங்க, நீங்களே வச்சுக்கோங்க. என் கைல வேண்டாம்."

குமரவேல் குழாயை முழுவதும் திறந்தார்.

பரணில் பம்பு உறுமியது. தண்ணீர் தலையில் இடித்தது. கீழே ஸ்டெல்லா, "போச்சுங்க! தண்ணி போச்சு!" என்று கத்தினாள். பிறகு தேவராஜ், மெதுவாக, "ஏம்ப்பா, இது என்னா சத்தம்? மேலேந்து வருது?" என்றார். படியில் காலடி. அழைப்பு மணி.

அவர் ஷவரை உடனே மூடவில்லை. வெட்கத்தால் அல்ல. அந்த வேகத்தில் இனி ஒரு குளியல் வாய்க்காது என்று தெரிந்திருந்தது. ஊழல் செய்தவனுக்கும் கடைசி ஆசை உண்டு.

கதவைப் பானு திறந்துவிட்டாள். தேவராஜ் குளியலறை வாசல்வரை வந்துவிட்டார். சொட்டச் சொட்ட வேட்டியோடு நிற்கிற செயலாளரைப் பார்த்தார். பரணைப் பார்த்தார். மறுபடியும் செயலாளரைப் பார்த்தார்.

"நீங்களா சார்?"

"ஆமாங்க."

"மூணு வாரம் ஃபிரிட்ஜ் பாட்டில் சார்! எனக்கு மூக்குல சளி இன்னும் நிக்கல!" தேவராஜின் முகம் சிவந்தது. திட்டுவதற்கு மூச்சிழுத்தார். இழுத்த மூச்சோடு பரணை இன்னொரு தரம் அண்ணாந்து பார்த்தார். "எத்தனை ஹெச்.பி.?"

"அரை."

"ராணிகஞ்சா?"

"ஆமாங்க."

"எங்க மாடிக்குக் கால் ஹெச்.பி. போதுமா?"

அன்று சாயந்தரமே அவசரக் கூட்டம். குமரவேல் தம் குற்றத்தை ஒன்றுவிடாமல் சொல்லி, ராஜினாமாக் கடிதத்தை நீட்டினார். வாங்கிக்கொள்ள ஒருவரும் முன்வரவில்லை. வராதவர்தான் செயலாளர் என்பது விதி. செய்தி கேள்விப்பட்டு அன்றைக்கு ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் வந்திருந்தார்கள். ஆகவே பதவியில் தொடரும்படி அவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. யாதகிரி வேலையில் இருக்கலாம் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு, பாதிக் கூட்டம் பம்பு என்ன விலை என்ற விவாதத்துக்குப் போய்விட்டது. யாதகிரியிடம் மன்னிப்பு என்ற சொல்லை யாரும் சொன்னதாக நினைவில்லை.

பம்பு கழற்றப்பட்டது. கழற்றின கையோடு பானு அந்த ஷவர்ப் பெட்டியின் தலையையும் திருகி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். துளைகளெல்லாம் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக அடைத்துக் கிடந்தன. தண்ணீர் உள்ளே நுழைகிற இடத்துச் சின்ன வலை முழுக்க மண். தொட்டியில் கலக்கிற போர்வெல் தண்ணீரின் கைங்கரியம். வலையைத் தட்டிக் கழுவி, தலையைப் புளித்தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து மாட்டினாள். திறந்தால் அருவி இல்லைதான். ஆனால் நல்ல மழை. சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்தது.

"இதுக்குத்தானுங்களா?" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குமரவேல் கீழே இறங்கினார். யாதகிரியிடம் தனியாக மன்னிப்புக் கேட்டார். யாதகிரி அவசரமாகத் தலையை ஆட்டி, "பரவால்ல சார், பரவால்ல," என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு ஹெல்ப் சார். நீங்க வந்து சந்திரம்மாகிட்ட சொல்லணும். நான் சொன்னா நம்பல. பெரியவங்க மீட்டிங்ல சொன்னாங்கன்னா நீ ஏதோ செஞ்சிருப்பேன்னு சொல்றா. உண்மை தெரிஞ்சுடுச்சுன்னு சொன்னேன், பொய்ங்கறா."

குமரவேல் சங்கத்தின் முன்னால் நின்று ஒப்புக்கொண்டவர். அது அவ்வளவு கஷ்டமாக இல்லை. அங்கே எல்லோரும் பம்பு வைக்கக்கூடியவர்கள்தான். இப்போது அந்த ஒற்றை அறை வாசலுக்குப் போக, இருக்கிற பத்தடியும் பத்து மைல் ஆனது.

சந்திரம்மா வண்டிகளுக்கு நடுவே பெருக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். குமரவேலுக்குத் தெரிந்த தெலுங்கு, காய்கறிக் கடையோடு முடிந்துவிடும். இருந்ததைத் திரட்டினார்.

"அம்மா... யாதகிரி தப்பு லேது. தப்பு... நாதி. நேனே."

தப்பு என்னுடையது, நான்தான் என்று சொன்னது அவளுக்கு விளங்கிவிட்டது. கணவனை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் இத்தனை நாள் அவருக்குக் கொடுக்காத எதையோ திருப்பிக் கொடுத்தாள். யாதகிரி துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு சந்திரம்மா குமரவேல் பக்கம் திரும்பி, கோபமே இல்லாமல், கீரை விலை கேட்கிற குரலில் கேட்டாள்:

"மரி ஆ ரோஜு மீட்டிங்லோ எந்துகு செப்பலேது சாரு?"

அன்றைக்குக் கூட்டத்திலேயே ஏன் சொல்லவில்லை. தெரியாத பாஷையில் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகப் புரிந்தது. பம்பு வைத்ததற்கு அவரிடம் காரணங்கள் இருந்தன: தொட்டி உயரம், அழுத்தம், கடைக்காரர். இதற்கு ஒன்றும் இல்லை. தமிழிலும் இல்லை. நின்றார்.

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. துடைப்பத்தோடு மறுபடி குனிந்தாள்.

"ஜரகண்டி சாரு," என்றாள்.

அவள் பெருக்க வேண்டிய இடத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். தள்ளி நின்றார்.